மணலிலிருந்து ஒரு வேர்

சோற்றில் ஒரு சின்னக் கல். எத்தனை முறை புடைத்தாலும், களைந்தாலும், அரித்தாலும் எங்கோ ஒன்று தப்பிவிடும். ஊர்க்கதை பேசிக்கொண்டே சாப்பிடுகிறோம். கவனம் முழுக்கப் பேச்சில். திடீரென்று ‘நறுக்’. அந்தக் கணமே தாடை நின்றுவிடுகிறது. நிறுத்து என்று நாம் யாரும் சொல்லவில்லை. கல் என்று புத்திக்கு எட்டுமுன்பே வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அதன் பிறகுதான் நாக்கு அந்தத் துணுக்கைத் தேடிப் பிடித்து உதட்டுப் பக்கம் தள்ளுகிறது.

பல்லின் மேற்பூச்சான எனாமலில் நரம்பு கிடையாது. உயிரணுவே கிடையாது. நம் உடலில் உள்ள பொருள்களிலேயே கெட்டியானது அது. ஏறக்குறைய அதுவும் ஒரு கல்தான். அப்படியானால் கல்லின் மேல் கல் மோதியதை உணர்ந்தது யார்?

விடை, பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் ஒரு சந்தில் ஒளிந்திருக்கிறது. அந்தச் சந்தின் அகலம் சுமார் 0.2 மில்லிமீட்டர். சுவரில் ஆணி அடித்ததுபோல் பல் எலும்பில் இறங்கியிருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் பல்லின் வேர் எலும்பைத் தொடுவதே இல்லை. எண்ணற்ற மெல்லிய நார்கள் வேரை எலும்போடு இழுத்துப் பிணைத்திருக்கின்றன. கயிற்றுக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்தால் எல்லாக் கயிறுகளும் கொஞ்சம் கொஞ்சம் இழுபடுமே, அதுபோலத்தான் ஒவ்வொரு கடிக்கும் இந்த நார்ப்படலம் இழுபட்டுப் பளுவை ஏந்துகிறது. அந்த நார்களின் நடுவே நரம்பு முனைகள் பரவிக் கிடக்கின்றன. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் 20 மைக்ரான் தடிமனுள்ள ஒரு தகடு மாட்டினாலும் அவை கண்டுபிடித்துவிடும். நம் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு அது.

பல் விழுந்தால் இந்தக் கயிற்றுக் கட்டிலும் கூடவே போய்விடுகிறது. கண்ணாடியில் தெரியும் ஓட்டை வெள்ளைப் பல்லுக்கு உரியது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பறிபோனது வேர். மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக அந்த வெள்ளைக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தார்கள். வேருக்கு மாற்றுக் கிடைத்தது ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்புதான். ‘இம்ப்ளாண்ட்’ என்று பல் மருத்துவமனைப் பலகைகளில் இன்று நாம் பார்ப்பது அந்த மாற்று வேரைத்தான்.

வேலையில்லாத எலும்பு

பல் பிடுங்கிய பள்ளத்தை நாக்கு சும்மா விடாது. போய்ப் போய்த் துழாவிப் பார்க்கும். முதலில் அங்கே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. சில மாதங்களில் உள்ளே எலும்பு நிரம்புகிறது. மேலே ஈறு மூடுகிறது. ஆறிவிட்டது என்று நாமும் மறந்துவிடுகிறோம்.

உள்ளே நடக்கும் கதை வேறு. தாடையின் விளிம்பில் பல்லைத் தாங்கும் எலும்பு, பல் வந்தபோது அதற்காகவே உருவானது. பல்லின் நார்கள் ஒவ்வொரு கடிக்கும் அதை இழுத்து, ‘உனக்கு இங்கே வேலை இருக்கிறது’ என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். எலும்பைக் கரைக்கும் செல்களும் கட்டும் செல்களும் நம் உடலில் ஓயாமல் வேலை செய்கின்றன. பளு விழும் இடத்தில் கட்டுபவை ஓங்குகின்றன. பளு விழாத இடத்தில் கரைப்பவை ஓங்குகின்றன. வேலையில்லாத ஆளுக்கு உடல் சோறு போடுவதில்லை. ஒரு பல் எடுத்த முதல் ஆண்டிலேயே அந்த இடத்து எலும்பு மேட்டின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி கரைந்துவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களுக்குள்.

பல்லெல்லாம் உதிர்ந்த முதியவர்களின் முகவாய் மூக்கை நோக்கி ஏறி, கன்னம் உள்ளே ஒடுங்கித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘பல்லு போனா சொல்லு போச்சு’ என்பது பழமொழி. சொல்லோடு தாடையும் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரவில் தண்ணீர்த் தம்ளரில் போட்டு வைத்த பல்செட்டை நம் வீடுகளில் பலர் பார்த்திருப்போம். வாங்கியபோது கச்சிதமாக இருந்தது, நாலைந்து வருடத்தில் பேசும்போதே ‘டொக் டொக்’ என்று ஆடும். பல்செட் பெரிதாகவில்லை. அது உட்கார்ந்திருந்த மேடு தேய்ந்துவிட்டது.

ஒற்றைப் பல் போனாலும் அக்கம்பக்கம் சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் பற்கள் காலி இடத்தை நோக்கிச் சாயும். கடிக்க ஆளில்லாத எதிர்ப்பல் மெல்லக் கீழிறங்கியோ மேலேறியோ வரும். நார்ப்படலத்தில் தொங்கும் பல் நகரக்கூடியது. பிள்ளைகளுக்குக் கம்பி கட்டிப் பல்லை வரிசைப்படுத்த முடிவதே அதனால்தான். நகரும் குணம் நல்லதுக்கும் உதவும், கெட்டதுக்கும் உதவும்.

போன பல்லைத் தேடியவர்கள்

பல் இழந்தவர்கள் பொறுமையாக இருந்ததில்லை. 1789-இல் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராக ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அவருடையது மரப்பல் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தத்திலும், உலோகத்திலும், வேறு மனிதர்களின் பற்களிலும் செய்த செட்டுகளை அவர் மாட்டிக்கொண்டிருந்தார். 1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் விழுந்து கிடந்த சிப்பாய்களின் பற்களைப் பிடுங்கி மூட்டை கட்டி விற்றார்கள். ‘வாட்டர்லூ பற்கள்’ என்ற பெயரே ஐரோப்பாவில் வழங்கியது. அதற்கும் முன்பு, 18-ஆம் நூற்றாண்டு லண்டனில், ஏழைகளின் வாயிலிருந்து பிடுங்கிய பல்லைச் சுடச்சுடப் பணக்காரர்களின் வாயில் நட்டுப் பார்த்தார்கள். அறுவை மருத்துவ மேதை ஜான் ஹன்ட்டரே அதற்கு ஆதரவாக எழுதியவர். அந்தப் பற்கள் நெடுநாள் நிலைக்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் முந்திய ஓர் அதிசயம் மத்திய அமெரிக்காவில் கிடைத்தது. 1931-இல் ஹோண்டுராஸில் தோண்டியெடுத்த, கி.பி. 600-ஐ ஒட்டிய மாயன் காலத்துக் கீழ்த்தாடை ஒன்றில், முன்பற்கள் இருக்க வேண்டிய மூன்று இடங்களில் பல் வடிவில் செதுக்கிய சிப்பித் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. இறந்தவருக்கு அலங்காரமாக வைத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1970-இல் பிரேசில் நாட்டு அறிஞர் அமதேயோ பொப்பியோ அதை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. அப்படியானால் அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே சிப்பிப் பல்லோடு வாழ்ந்திருக்கிறார். செய்தவருக்கு எலும்பியல் தெரிந்திருக்க வழியில்லை. கைக்கு வந்த பொருள் பொருத்தமாக அமைந்துவிட்டது.

20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பல் மருத்துவர்கள் பலவகை உலோகங்களைத் தாடையில் திருகாகவும் தகடாகவும் பதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஒரே முடிவுதான். உடல் அந்த உலோகத்தைச் சுற்றி மெத்தென்ற நார்த்திசு ஒன்றை உறையாகப் போர்த்தும்; உறைக்குள் உலோகம் ஆடும்; ஆடிய இடத்தில் கிருமி புகும்; கடைசியில் கழன்று வரும். அன்னியப் பொருளை எலும்பு நேரடியாக ஏற்றுக்கொள்ளாது என்பது மருத்துவத்தில் எழுதாச் சட்டமாகவே ஆகிவிட்டது.

முயலின் காலில் சிக்கிய குழாய்

அந்தச் சட்டத்தை உடைத்தவர் பல் மருத்துவரே அல்லர். சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் பேர்-இங்வார் பிரோனமார்க் என்ற இளம் ஆராய்ச்சியாளர், எலும்பு மஜ்ஜையில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று உயிருள்ள உடலிலேயே பார்க்க விரும்பினார். 1952 வாக்கில், மெல்லிய ஒளி ஊடுருவும் சாளரம் வைத்த ஒரு டைட்டானியக் குழாயை முயலின் கால் எலும்பில் திருகிப் பதித்து, அதன் வழியே நுண்ணோக்கியில் பார்த்தார். சோதனை முடிந்தது. குழாய் விலை கூடியது. அடுத்த முயலுக்கும் வேண்டும். கழற்றப் போனார். வரவில்லை. எலும்பும் உலோகமும் ஒன்றையொன்று விடவில்லை.

டைட்டானியத்தை எலும்பு பற்றிக்கொள்ளும் என்பது அதற்கு முன்பே ஆய்வேடுகளில் பதிவானதுதான். 1940-இல் பூனைகளிடமும், 1951-இல் எலிகளிடமும் சோதித்தவர்கள் அதை எழுதியிருந்தார்கள். எழுதிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். பிரோனமார்க் போகவில்லை. குழாய் கழலாத எரிச்சலை ஒரு கேள்வியாக மாற்றிக்கொண்டு, அதன் பின்னாலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

1965-இல் கோத்தென்பர்க் நகரில் அவரிடம் வந்தவர் யோஸ்டா லார்சன். பிறவியிலேயே அண்ணப் பிளவு, தாடைக் குறை. கீழே பற்கள் இல்லை. மெல்லுவதும் பேசுவதும் பாடு. அவருடைய கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளைப் பதித்து, மாதக்கணக்கில் காத்திருந்து, அவற்றின் மேல் பல்வரிசையைப் பொருத்தினார் பிரோனமார்க். மனிதத் தாடையில் இப்படிப் பதித்தது அதுவே முதல் முறை. லார்சன் 2006-இல் இறந்தார். அந்தத் திருகுகள் அதுவரை, 40 ஆண்டுகளுக்கு மேல், வேலை செய்துகொண்டிருந்தன.

ஆனாலும் பல் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. பல் மருத்துவரே அல்லாத ஓர் ஆசாமி எங்கள் துறையில் வந்து என்ன சொல்வது என்ற மனத்தாங்கலும் இருந்தது. 1977-இல் பிரோனமார்க் பத்தாண்டுக் கால நோயாளர் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1982-இல் கனடாவின் டொரோன்டோவில் ஜார்ஜ் ஸார்ப் கூட்டிய மாநாட்டில், வட அமெரிக்கப் பேராசிரியர்கள் முன்னால் அந்த ஆதாரங்கள் விரிக்கப்பட்டன. அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. முயலிலிருந்து டொரோன்டோவுக்கு 30 வருடம்.

கறுப்பு மணல்

ஏன் டைட்டானியம்? அதன் பிறப்பைப் பார்த்துவிட்டு வருவோம்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும்: மணலில் அங்கங்கே கருமை படர்ந்திருக்கும். அள்ளினால் சாதா மணலைவிடக் கனக்கும். அந்தக் கறுப்பில் முக்கியமானது இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். அங்கேயே அதைப் பிரித்தெடுக்கும் பொதுத்துறை ஆலை இருக்கிறது. வடக்கே கேரளத்தின் சவறாவிலும் இதே மணல். அங்கே டைட்டானிய உலோகமும் எடுக்கிறார்கள். டைட்டானியத்தை உலகம் அறிந்துகொண்டதும் இப்படியொரு கறுப்பு மணலிலிருந்துதான். 1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், மனாக்கன் என்ற ஊர் ஓடையில் கிடந்த கறுப்பு மணலை ஆராய்ந்த வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார், அதில் புதியதொரு உலோகம் இருப்பதைக் கண்டார். சில ஆண்டுகள் கழித்து ஜெர்மன் வேதியியலர் கிளாப்ரோத், கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரை அதற்கு வைத்தார்.

பெயர் வைத்தபின் ஒன்றரை நூற்றாண்டுக்கு அந்த உலோகம் ஏறக்குறையச் சோதனைச்சாலைப் பொருள்தான். காரணம், டைட்டானியத்துக்கு ஆக்சிஜன் மேல் அப்படியொரு ஆசை. ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. லக்சம்பர்க் நாட்டு வில்லியம் குரோல், டைட்டானியத்தைக் குளோரினோடு சேர்த்துத் திரவமாக்கி, பிறகு காற்றுப் புகாத கலனில் மக்னீசியத்தைக் கொண்டு குளோரினை உருவிவிடும் வழியைக் கண்டார். 1940-களின் முடிவில்தான் தொழிற்சாலை அளவில் உலோகம் வெளிவந்தது. பிரோனமார்க்கின் கைக்கு அது வந்தபோது ஏறக்குறையப் புத்தம்புது உலோகம்.

எடுக்கும்போது தொல்லை கொடுத்த அதே ஆசைதான் வாய்க்குள் வரமாகிறது. டைட்டானியத்தை அறுத்த மாத்திரத்தில் அதன் மேல் ஆக்சிஜன் படிந்து ஓர் ஆக்சைடுத் தோல் போர்த்திவிடும். சில நானோமீட்டரே தடிமன். ஆனால் உமிழ்நீரோ இரத்தமோ அதைக் கரைக்க முடியாது. கீறினாலும் உடனே மீண்டும் போர்த்திக்கொள்ளும். ஆகவே எலும்பின் செல்கள் டைட்டானிய உலோகத்தைச் சந்திப்பதே இல்லை. சந்திப்பது, மந்தமான, யாரோடும் வம்புக்குப் போகாத ஒரு பீங்கான் தோலை. அந்த ஆக்சைடு நமக்குப் புதியதுமல்ல: சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டிலும், பல பற்பசைகளிலும் வெண்மைக்குச் சேர்ப்பது அதைத்தான்.

அணைப்பா, சுவரா?

திருகு எலும்பில் இறங்கியபின் நடப்பதை வாரவாரமாகப் பார்க்கலாம். முதல் நாள் திருகைப் பிடித்து நிறுத்துவது வெறும் இறுக்கம்தான், மரத்தில் ஸ்குரூ நிற்பதுபோல. சுற்றிலும் இரத்தம் உறைகிறது. துளைபோட்டதில் சேதமான எலும்பை உடல் முதலில் அரித்து அகற்றுகிறது. அதனால் தொடக்க இறுக்கம் தளர்கிறது. புதிய எலும்போ இன்னும் வரவில்லை. மூன்று, நான்கு வாரத்தை ஒட்டிய அந்த இடைவெளிதான் ஆபத்தான காலம். பிறகு உறைந்த இரத்தத்தின் இடத்தில் அவசர அவசரமாகப் பின்னிய எலும்பு தோன்றி ஆக்சைடுத் தோலின் மேலேயே படிகிறது. மாதங்கள் போகப் போக அதை அழித்து, அடுக்கடுக்கான உறுதியான எலும்பாகத் திருத்திக் கட்டுகிறது உடல்.

இந்தக் காலத்தில் திருகு ஆடக் கூடாது. சுமார் 150 மைக்ரானுக்கு மேல், அதாவது இரண்டு தலைமுடித் தடிமன் அளவுக்கு அசைந்தாலே, எலும்புக்குப் பதில் பழைய பகைவனான நார்த்திசு வந்து உட்கார்ந்துவிடும். பிரோனமார்க் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் பளுவே வைக்காமல் காத்திருந்ததன் இரகசியம் இது. மேல்தாடை எலும்பு இடைவெளி நிறைந்தது, அதனால் கூடுதல் காலம். அவருக்கு முன்னால் தோற்றவர்கள் பலர் உலோகத்தில் மட்டும் தோற்கவில்லை, அவசரத்திலும் தோற்றார்கள். நட்ட மறுநாளே செடியைப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்த்தால் எந்தச் செடிதான் பிழைக்கும்?

சூடும் எதிரி. எலும்பை 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் வைத்தாலே அது சேதமடைகிறது என்று முயல்களில் செய்த ஆய்வு காட்டியது. நம் கைக்கு வெந்நீர் என்று தோன்றும் சூடுதான் அது. அதனால்தான் துளையிடும்போது குளிர்ந்த உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைய திருகுகளின் மேற்பரப்பைத் துகள் வீசித் தாக்கி, அமிலத்தில் ஊறவைத்துச் சொரசொரப்பாக்குகிறார்கள். வழுவழுப்பைவிடச் சொரசொரப்பில் எலும்பு வேகமாகப் பிடிக்கிறது. காத்திருக்கும் காலமும் குறைந்திருக்கிறது. தொடக்க இறுக்கம் போதுமான இடத்தில் அன்றே தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு.

இப்படி எலும்பும் உலோகமும் சேர்வதற்கு, லத்தீனில் எலும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து, ‘ஆஸியோஇன்டக்ரேஷன்’ என்று பெயர் வைத்தார் பிரோனமார்க். எலும்போடு ஒன்றாதல் என்று பொருள். உடல் அன்னியப் பொருளைத் தன்னதாக ஏற்று அணைத்துக்கொள்கிறது என்றே நெடுங்காலம் விளக்கினார்கள்.

பிரோனமார்க்கோடு ஆரம்ப நாளிலிருந்து வேலை செய்த தோமாஸ் அல்பிரெக்ட்சன், பின்னாளில் இதைத் தலைகீழாகப் பார்க்கச் சொன்னார். உடல் டைட்டானியத்தை அன்னியன் என்று நன்றாகவே அறிந்திருக்கிறது என்பது அவர் வாதம். வெளியே தள்ள முடியவில்லை, கரைக்கவும் முடியவில்லை. ஆகவே எலும்பால் ஒரு சுவர் கட்டி அதை மற்றப் பகுதியிலிருந்து மூடிவிடுகிறது. நாம் அணைப்பு என்று கொண்டாடுவது உடலின் கணக்கில் ஒரு காவல். அந்தக் காவல் அமைதியாக இருக்கும்வரை நமக்கு லாபம். சமநிலை கெட்டால் சுவரே கரையத் தொடங்கும். எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் ஒன்றில் கருத்து வேறுபாடு இல்லை: பல்லைப் பிடித்து நிறுத்துவது மருத்துவரின் சிமென்ட்டோ திருகின் மரையோ மட்டுமல்ல. மருத்துவர் இடம் அமைத்துத் தருகிறார், கட்டுமானம் முழுக்க எலும்பின் வேலை.

நாற்காலியில்

நடைமுறையில் இது எப்படி? முதலில் முப்பரிமாண ஸ்கேன். எலும்பு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு எங்கே, மேலே சைனஸ் அறை எவ்வளவு தூரம் என்று அளந்து பார்ப்பார்கள். எலும்பு தேய்ந்திருந்தால் முதலில் அதைச் செயற்கையாக வளர்க்க வேண்டியிருக்கும். பல் எடுத்தபின் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களுக்கு வேலையும் செலவும் கூடுவதன் காரணம் இதுதான். பிறகு, மரத்துப்போக ஊசி, ஈற்றை விலக்கித் துளை, பெரும்பாலும் 3.5 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனும் 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட திருகு. எலும்பு பிடித்தபின் அதன் மேல் ஓர் இணைப்புத் தண்டு. அதற்கு மேல் பீங்கானிலோ ஜிர்கோனியாவிலோ கேப்.

மூன்று பாகங்களில் கடைசியாக வருவதைத்தான் நாம் பல் என்கிறோம். காலி இடத்துக்குப் பாலம்போல் பிரிட்ஜ் கட்டினால் பக்கத்து நல்ல பற்கள் இரண்டை அராவ வேண்டும். இம்ப்ளாண்டில் அந்தத் தேவை இல்லை. எல்லாப் பற்களும் போனவருக்குப் பல்லுக்கு ஒன்றாகத் திருகு வைக்கவும் வேண்டாம். லார்சனுக்குப் போலவே நான்கைந்து திருகுகள் ஒரு முழு வரிசையைத் தாங்கிவிடும். முறையாகச் செய்து முறையாகப் பராமரித்தால், பத்து ஆண்டுகள் கழித்து நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை நிலைத்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

பராமரிப்பு என்ற சொல்லில்தான் சூட்சுமம். இயற்கைப் பல்லில் ஈற்றின் நார்கள் வேருக்குள்ளேயே ஊன்றிக்கொண்டு, கிருமிக்கு எதிராக வேலி அடைத்திருக்கும். டைட்டானியத்தில் நார்கள் ஊன்ற முடியாது. பக்கவாட்டில் ஒட்டி நிற்கும் அவ்வளவே. வேலி பலவீனம். பல் துலக்காமல் அழுக்குப் படிந்தால் கிருமி நேராகக் கீழே இறங்கி எலும்பைக் கரைக்கும். உலோகத்துக்குச் சொத்தை வராது, உண்மை; ஆனால் அது நிற்கும் மண் அரிபடும். வலியும் தாமதமாகத்தான் தெரியும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கும் தோல்வி கூடுதல். எலும்புத் தேய்வுக்குச் சில மருந்துகள் எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இன்னொரு விசித்திரம்: வளரும் பிள்ளைகளுக்கு இம்ப்ளாண்ட் வைப்பதில்லை. தாடை வளரும்போது நார்ப்படலத்தில் தொங்கும் மற்றப் பற்கள் எல்லாம் அதோடு சேர்ந்து நகரும். எலும்போடு இறுகிய திருகு மட்டும் நட்ட இடத்திலேயே நிற்கும். சில வருடத்தில் அந்தப் பல் மட்டும் பள்ளத்தில் விழுந்ததுபோல் தெரியும். வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

மீண்டும் அந்தக் கல்

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருவோம். இம்ப்ளாண்ட் பல்லில் சோற்றுக்கல் கடிபட்டால் என்ன ஆகும்?

கயிற்றுக் கட்டில் இல்லை. இயற்கைப் பல் கடிக்கும்போது பல பத்து மைக்ரான்கள் அமிழ்ந்து எழும். திருகோ சில மைக்ரான்களுக்கு மேல் அசையாது. கட்டில் போனதால் சந்தில் பதுங்கிக் காவல் காத்த நரம்பு முனைகளும் இல்லை. ஆனாலும் அந்தப் பல் முழுச் செவிடு அல்ல. எதிரே கடிக்கும் பல்லின் நார்கள், தாடைத் தசை, மூட்டு, எலும்பின் அதிர்வு எல்லாம் சேர்ந்து ஏதோ சொல்கின்றன. இயற்கைப் பற்கள் இரண்டும் 20 மைக்ரானில் கண்டுகொண்டதை, ஒன்று இம்ப்ளாண்டாக இருந்தால் 50 மைக்ரானை ஒட்டித்தான் கண்டுகொள்ளும். எலும்பின் வழி உணர்வது பல்லோடு நிற்கவில்லை. பிரோனமார்க்கின் நகரமான கோத்தென்பர்க்கில் 1977 முதல் காது கேளாதோருக்கு மண்டை எலும்பில் பதிக்கும் கருவியும், 1990 முதல் காலிழந்தோருக்குத் தொடை எலும்பில் பதிக்கும் உலோகத் தண்டும் இதே வித்தையில் வந்தன. அப்படிக் கால் பொருத்திக்கொண்டவர்கள், தாங்கள் நடப்பது புல்லா கல்தரையா என்று எலும்பின் வழியாகவே உணர முடிவதாகச் சொல்கிறார்கள். இழந்த உணர்வின் ஓர் எதிரொலி.

அந்த நார்ப்படலத்தோடு சேர்த்தே புதுப்பல்லை முளைக்க வைக்க முடியுமா என்ற தேடலும் தொடங்கிவிட்டது. முளைவிடாமல் உறங்கும் பல்மொட்டைத் தடுத்து வைத்திருக்கும் ஒரு புரதத்தை முடக்கும் மருந்தை, எலிகளிலும் ஃபெரட் என்ற சிறு விலங்குகளிலும் சோதித்தபின், 2024-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். முதற்கட்டக் கேள்வி அந்த மருந்து பாதுகாப்பானதா என்பது மட்டுமே. பல் முளைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அதுவரை நமக்கு வாய்த்திருப்பது கறுப்பு மணலிலிருந்து எடுத்த இந்த வேர்தான். முறுக்கைக் கடிக்கும், கரும்பை உரிக்கும், சிரிப்பில் ஓட்டை தெரியாமல் காக்கும், எலும்புக்கு வேலை கொடுத்து அதைக் கரையாமல் வைத்திருக்கும். சோற்றில் கிடக்கும் ஒரு கல்லை மட்டும் எதிர்ப்பல்லைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அந்த எதிர்ப்பல் இன்னும் இருக்கிறதென்றால், இன்றிரவு படுக்குமுன் அதை நன்றாகத் துலக்குங்கள்.